சொல்லாமல் விட்ட மாத்திரை

கிரேன் ஓட்டுநருக்குக் கீழ்த்தாடையில் இரண்டு பல் இல்லை. எலும்பில் துளையிட்டுச் செயற்கைப் பல் பொருத்துவதற்காக ஸ்கேன் எடுத்தாயிற்று. திரையில் தெரிந்த தாடை எலும்புக்குள் ஓடும் நரம்பைப் பல் மருத்துவர் சிவப்புக் கோடாகக் காட்டினார்.

“இதுல பட்டா உதடு மரத்துப்போயிடும். அதனாலதான் முன்னாடியே அளந்து, துளை எங்க விழணும்னு ஓர் அச்சு செஞ்சுக்கறோம்.” படிவத்தை எடுத்தார். “சர்க்கரை, பிரஷர், இதய நோய் ஏதாவது? தினமும் மாத்திரை சாப்பிடறீங்களா?”

“இவருக்கா? கல்லைத் தின்னாலும் செரிக்கும் டாக்டர். கடிக்கத்தான் பல் இல்லை,” என்றாள் பக்கத்திலிருந்த மனைவி.

அவரும் சிரித்துவைத்தார். “ஒண்ணும் இல்லைங்க.”

எட்டு மாதத்துக்கு முன், மகளின் பிரசவத்துக்காக மனைவி வெளியூர் போயிருந்தபோது, அவருக்கு நெஞ்சுவலி வந்து, இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். தம்பிக்கு மட்டும் தெரியும். பச்சைப் பிள்ளையை விட்டுவிட்டு ஓடிவந்துவிடுவாளே என்று அன்று சொல்லவில்லை. அப்புறம் சொல்ல வாய் வரவில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை வேலை இடத்தில் ஒளித்துவைத்து விழுங்கிவந்தார்.

பல் மருத்துவரிடமிருந்து வீடு திரும்பியதிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. துளை போட்டால் ரத்தம் நிற்குமா? பயத்தில் இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் நாள் கிரேன் ஏணியில் பாதி ஏறியபோது நெஞ்சு படபடத்தது. வலியா பயமா என்று பிரித்தறிய முடியவில்லை. மெல்ல இறங்கி, நேரே பல் மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

“நீங்களா நிறுத்தினீங்களா?” மருத்துவரின் முகம் மாறியது. “ரத்தம் கசிஞ்சா நான் தையல் போட்டு நிறுத்திடுவேன். ஸ்டென்ட் அடைச்சா என்ன பண்றது? இப்பவே இதய டாக்டரைப் பாருங்க. தனியாப் போகாதீங்க, வீட்ல கூப்பிடுங்க.”

“தம்பியைக் கூப்பிடட்டுங்களா?”

“வீட்டம்மாவைக் கூப்பிடுங்க.”

மனைவியோடு போய் எடுத்த இசிஜியில் கோளாறில்லை. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது, பல் வைப்பதை நாலு மாதம் தள்ளிப்போடுங்கள் என்றார்கள். நடைவழி பெஞ்சில் மனைவி மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே கேட்டாள்.

“அவ்வளவு உயரம் ஏறுறீங்க. என்கிட்ட வாயைத் திறக்கத்தான் பயமா?”



நாலு மாதம் கழித்துப் படிவத்தை அவளே எழுதினாள், ஒரு மாத்திரை விடாமல். இதய மருத்துவரின் கடிதமும் இணைத்தாயிற்று. அச்சைத் தாடையில் பொருத்தி, மருத்துவர் துளையிட்டார். ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசிந்து, தையலுக்குப் பிறகு நின்றது.

உடந்தையாயிருந்த கொழுந்தனோடுதான் அவள் இன்னும் பேசவில்லை.