பிஸ்கட் மறித்த புலி

ஐம்பத்தேழு வயதில் செவோ தராசோனுக்கு ஒரு நாயின் மேல் பொறாமை வந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று தெரியும். அதனால் யாரிடமும் சொல்லவில்லை, மனைவி ஒஃபேலியாவிடம்கூட.

அந்த நாய் அவன் வீட்டுக் கொட்டகையில் பிறந்ததுதான். அவனுடைய வேட்டை நாய் பலோமா ஐந்து வருடங்களுக்கு முன் போட்ட ஏழு குட்டிகளில் கடைசி. எலி மாதிரி இருந்தது. மற்ற ஆறும் மிதித்துத் தள்ளியதில் பால் குடிக்கவே இடம் கிடைக்காமல் கிடந்தது. "இது தேறாதுடா, வேணும்னா தூக்கிட்டுப் போ" என்று நண்பன் ஹார்லனிடம் கொடுத்தவன் செவோதான். ஹார்லன் அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து ஊட்டி வளர்த்தான். பெயரும் அதுவே ஆயிற்று.

இப்போது அரிசோனாவின் அந்தத் தென்கோடியில், மெக்சிக்கோ எல்லை வரைக்கும், பூமா என்கிற மலைச்சிங்கத்தை வேட்டையாடுகிறவர்கள் எங்கே கூடினாலும் பிஸ்கட்டைப் பற்றித்தான் பேச்சு. அந்த மலைகளில் பனி விழுவது அபூர்வம். காய்ந்த பாறையில் ராத்திரி பூமா நடந்துபோன வாடையைக் காலையில் வெயில் ஏறுவதற்குள் பிடிக்க வேண்டும். மற்ற நாய்கள் கடந்து போய்விடுகிற பாறையில் பிஸ்கட் நின்று மூக்கை வைக்கும், வாலை ஆட்டும், குரல் கொடுக்கும். அப்புறம்தான் மற்றவை ஓடி வரும். முப்பது வருடமாக அந்தப் பெருமை செவோவின் நாய்களுக்கு இருந்தது. குதிரைகளுக்கு லாடம் அடிக்கப் போகிற இடத்தில் எல்லாம் முன்பு "உன் நாய்ங்க எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். இப்போது "ஹார்லன்கிட்ட ஒண்ணு இருக்காமே?" என்கிறார்கள். குனிந்து குளம்பைச் சீவிக்கொண்டே, "ஆமா, என் வீட்ல பொறந்ததுதான்" என்பான். யாரும் அதைக் காதில் வாங்குவதாகத் தெரியவில்லை.

ஹார்லன் கெட்டவனாக இருந்தால் வசதியாக இருந்திருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து கூடவே வருகிறவன். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பிப்ரவரி மாதம் அந்தச் சனிக்கிழமை விடியலில், கோவேறு கழுதைகளுக்குச் சேணம் கட்டிக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"செவோ, உன் பலோமாவுக்கு வயசாச்சு. வீட்ல ஒஃபேலியாவுக்குத் துணையா விட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

"உன்னையும் அப்படித்தான் வீட்ல விட்டுட்டு வந்திருக்கணும்."

"நான் வரலன்னா பிஸ்கட் வராது. பிஸ்கட் வரலன்னா நீங்க ரெண்டு பேரும் மலையைச் சுத்திப் பாத்துட்டுத் திரும்ப வேண்டியதுதான்."

"காலங்காத்தால ஆரம்பிச்சிட்டீங்களாடா கிழவனுங்களா?" என்றாள் அடேலா. அவர்களுக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள்; அந்தப் பக்கத்துக்கே கால்நடை மருத்துவர். சேணப்பையில் மருந்துப் பெட்டியும், பீன்ஸ் வைத்துச் சுருட்டிய ஒரு டஜன் ரொட்டியும் இல்லாமல் அவள் மலையேறியதில்லை. "சண்டை போடறதுன்னா சாப்ட்டுட்டுப் போடுங்க."

செவோ சிரித்தான். சேண வாரை வேண்டியதைவிட ஒரு துளை இறுக்கிக் கட்டினான்.

அன்று அவனுக்கு இன்னொரு நினைப்பும் இருந்தது. போன வருடம் காட்டிலாகா வைத்த கேமராவில், ராத்திரியில், ஒரு ஜாகுவாரின் பின்பாதி பதிவாகியிருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து பல வருடங்களுக்கு ஒருமுறை ஒற்றை ஆண் ஜாகுவார் வடக்கே ஏறி வரும். செவோவின் வீட்டில் அதைப் புலி என்றுதான் சொல்வார்கள். அவனுடைய அப்பா ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறார். முப்பத்தோரு வருடமாக இதே மலைகளில் திரிகிற செவோவுக்குக் காலடித் தடம்கூடக் கிடைத்ததில்லை. அதைச் சுடக் கூடாது, நாயை விட்டுத் துரத்தவும் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அவனுக்கே சுடுகிற எண்ணம் கிடையாது. கண்ணால் பார்த்தால் போதும்.

இரண்டாவது முகட்டை ஏறும்போது தாழ்ந்து கிடந்த ஓக் கிளை ஒன்று ஹார்லனின் முகத்தில் அடித்தது. மூக்குக்கண்ணாடி கீழே விழ, அவன் கழுதையே அதன்மேல் காலை வைத்தது. ஹார்லன் அதன் பரம்பரையை இழுத்துத் திட்டினான். பிறகு, நாய்களின் கழுத்துப்பட்டைகள் அனுப்பும் சமிக்ஞையைத் திரையில் காட்டும் கருவியைத் தன் மார்பிலிருந்து கழற்றி செவோவிடம் நீட்டினான்.

"இந்தா, நீயே வச்சுக்கோ. கண்ணாடி இல்லாம எனக்கு இந்தத் திரையில எல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. நாய்ங்க எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லு."

செவோ வாங்கி மார்பில் மாட்டிக்கொண்டான்.

எட்டரை மணிக்கு நாய்கள் குரல் எடுத்தன. ஒரு கணவாயில் பூமாவின் தடம், நேற்றுச் சாயங்காலத்தது. ஐந்து நாய்களும் தெற்கே இறங்கிய பள்ளத்துக்குள் பாய்ந்தன. முதல் குரல் பலோமாவுடையது. செவோவுக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது.

"கேட்டியா?" என்றான். "யாருக்கு வயசாச்சு?"

"கேட்டேன், கேட்டேன். பூமாவை இன்னும் மரத்துல ஏத்தலையே."

பள்ளத்தின் வளைவில் குரல்கள் மங்கின. அரை மணி நேரம் கழித்து ஹார்லன் தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான்.

"என் நாய்ச் சத்தம் கேக்கலையே. பிஸ்கட் எங்கடா?"

செவோ திரையைப் பார்த்தான். நான்கு புள்ளிகள் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தன. ஐந்தாவது வடக்கே, முகட்டுக்கு அந்தப் பக்கம், ஒன்றரை மைல் தூரத்தில் நின்றிருந்தது. பக்கத்தில் மரக்குறி. நாய் ஒரே இடத்தில் நின்று அண்ணாந்து குரைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தடத்தில் மற்ற நாய்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க, இது தனியாகப் போய் எதையோ மறித்து நிறுத்திவிட்டது.

ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் அவன் மனதில் எல்லாம் ஓடி முடிந்தது. சொன்னால் மூன்று பேரும் வடக்கே திரும்புவார்கள். பலோமாவின் வேட்டை பாதியில் நிற்கும். சாயங்காலம் மறுபடியும் அதே பேச்சு, அதே பெயர்.

"கூடத்தான் போகுது," என்றான். "கீழ. கடைசியா வருது."

"கடைசியாவா?" ஹார்லன் நம்ப முடியாமல் சிரித்தான். "ராத்திரி அதிகமாத் தின்னுட்டாளோ?"

அவன் மறுபடி கேட்கவில்லை. செவோ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கழுதையைக் கீழே தட்டிவிட்டான். அதுதான் செவோவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தன் கழுதையையும் அவன் பின்னாலேயே இறக்கினான்.

ஒரு மணி நேரம் பாறைகளுக்குள் இறங்கி ஏறினார்கள். கடைசியில் ஒரு செங்குத்துப் பாறையடியில் தடம் செத்துவிட்டது. நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தன. பலோமா ஒரு நிழலில் படுத்து, எசமானை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. நாய்களை எண்ணிய அடேலா, "நாலுதான் இருக்கு" என்றாள்.

ஹார்லனின் முகம் மாறியது. "செவோ?"

"சிக்னல் விட்டுவிட்டு வருது," என்றான் செவோ. முதல் பொய்க்கு இரண்டாவது பொய்யை முட்டுக் கொடுத்தாயிற்று. "நான் முகட்டுல ஏறிப் பாத்துட்டு வரேன். நீங்க இதுங்களைக் கட்டி, கீழ டிரக்குக்குக் கொண்டு போங்க."

"நானும் வரேன்."

"கண்ணாடி இல்லாம வந்து நீ எங்கயாவது விழுந்தேன்னா உன்னை யாரு தூக்குறது? போடா."

கழுதையை அவன் ஒருநாளும் அப்படி விரட்டியதில்லை. மரக்குறி இன்னும் அதே இடத்தில் இருந்தது. முகட்டைத் தாண்டியதும் பிஸ்கட்டின் குரல் கேட்டது. கரகரத்து, தொண்டை கிழிந்த குரல். கழுதை காதுகளை நிமிர்த்திக்கொண்டு நின்றுவிட்டது. எவ்வளவு அடித்தும் ஓரடி நகரவில்லை. இறங்கி, அதைக் கட்டிவிட்டு நடந்தான்.

ஜூனிப்பர் புதர்களை விலக்கியதும் ஒரு சிறிய வெட்டவெளி. எதிரே நெஞ்சு உயரத்துக்கு ஒரு பாறைத் திட்டு. கீழே பிஸ்கட். மேலே புலி.

முதலில் அதை வெயில் படிந்த பாறை என்றே நினைத்தான். பிறகு பாறை மூச்சு விட்டது. காய்ந்த புல்லின் நிறத்தில் கரி அள்ளிப் பூசியதுபோல வட்டம் வட்டமாகப் புள்ளிகள். அந்த வட்டங்களுக்குள்ளும் புள்ளிகள். பூமாவின் ஒடிசலான உடம்பு இல்லை. மல்லனுடைய தோள்கள், பெருத்த தலை, குட்டைக் கால்கள். நாய் குரைக்கக் குரைக்க, ஈர மரத்தை ரம்பத்தால் அறுப்பதுபோல அதன் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. செவோ தன் தொப்பியைக் கழற்றினான். ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

அது தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. பயமும் இல்லை, கோபமும் இல்லை. அவனை இன்னொரு நாய் என்று கணக்கில் வைத்துக்கொண்டதுபோல மறுபடி பிஸ்கட்டின் பக்கம் திரும்பியது.

செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். உடனே நாயைக் கூப்பிட்டுக் கட்ட வேண்டும். கூப்பிட்டால் புலி போய்விடும். முப்பத்தோரு வருடம். இன்னும் ஒரு நிமிடம் என்று நின்றான். போனை எடுத்துப் படம் எடுத்தான். இன்னும் ஒரு நிமிடம். அந்த நிலையிலும் உள்ளே ஒன்று அரித்தது: இந்த நாய் ஒரு மணி நேரத்துக்கு மேலாக இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அப்பாவுக்குக் கிடைத்தது, இந்த எலிக்குட்டிக்குக் கிடைத்தது, கடைசியில்தான் எனக்கு.

அவன் வந்துவிட்ட தைரியமோ என்னவோ, பிஸ்கட் திட்டின் மேல் முன்னங்கால்களை வைத்து எம்பியது. புலி எழுந்ததை அவன் பார்க்கவில்லை. கை வீசியதை மட்டும் பார்த்தான். நாய் பந்துபோலச் சுழன்று புதரில் போய் விழுந்தது.

துப்பாக்கியை எடுத்து வானத்தைப் பார்த்து இரண்டு முறை சுட்டான். புலி அவசரப்படவில்லை. திட்டிலிருந்து இறங்கி, தெற்கே எல்லைப் பக்கமாக, தன் வீட்டுக் கொல்லைக்குப் போவதுபோல நடந்து, பாறைகளுக்குள் மறைந்தது.

பிஸ்கட்டுக்குத் தோளிலிருந்து விலா வரை நான்கு கோடுகள். ஒன்றில் எலும்பு தெரிந்தது. தன் சட்டையைக் கிழித்துக் கட்டி, தன் மேல்கோட்டில் சுற்றி, கழுதைமேல் மடியில் வைத்துக்கொண்டான். வழியெல்லாம் அது அவன் மணிக்கட்டை நக்கிக்கொண்டே வந்தது. "நக்காத, நக்காத" என்று சொல்லிக்கொண்டே வந்தான்.

டிரக்கின் பின்பலகையில் கிடத்தி அடேலா தைத்தாள். ஹார்லன் நாயின் தலையைப் பிடித்திருந்தான். முப்பதாவது தையலின்போது அவள் நிமிர்ந்தாள்.

"இது பூமா நகம் இல்ல. எவ்வளவு அகலம் பாரு. செவோ, என்ன பாத்த?"

"புலி," என்றான்.

இரண்டு பேரும் அவனையே பார்த்தார்கள். போனை நீட்டினான். அடேலா கையில் ரத்தத்தோடு வாயைப் பொத்திக்கொண்டாள். ஹார்லன் திரையைக் கண்ணருகில் கொண்டுபோய், தள்ளி வைத்து, மறுபடி கொண்டுபோய்ப் பார்த்தான். "மஞ்சளா என்னமோ தெரியுது" என்றான். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்து, செவோவின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். அவன் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"நீ மட்டும் போகலேன்னா இவ செத்திருப்பாடா. உனக்கு நான் என்ன செய்யப்போறேன்?"

அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும். யாருக்கும் தெரிய வழியில்லை. ஆனால் அந்த நன்றியை வாங்கி வைக்க செவோவிடம் இடமில்லை.

"காலைல நீ கேட்டப்பவே தெரியும்," என்றான். "மரக்குறி விழுந்திருந்துச்சு. வடக்க. நான்தான் கீழ போகுதுன்னு சொன்னேன். அங்க போயும் உடனே கூப்பிடல. நின்னு பாத்துட்டு இருந்தேன்."

ஹார்லன் கையை விட்டான். "ஏன்டா?"

"என் நாய் ஜெயிக்கணும்னு."

அடேலா ஊசியைக் கீழே வைக்காமல், தலையும் நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். ஹார்லன் நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தான்.

"கேட்டிருந்தா இவளைத் திருப்பிக் குடுத்திருப்பேனேடா," என்றான்.

திட்டியிருக்கலாம், அறைந்திருக்கலாம். இந்த வார்த்தைதான் செவோவை உட்காரவைத்தது. உண்மையாகவே கொடுத்திருப்பான். அப்படிக் கொடுக்கிற மனசு அவனுக்கு இருக்கிறதே என்பதிலும் செவோவுக்கு வயிறு எரிந்தது.

அதன்பின் காட்டிலாகாவினர் வந்தார்கள். செவோ தயங்காமல் பிஸ்கட் மறித்த கதையையும் தான் தாமதித்ததையும் எழுதிக் கொடுத்தான். அவர்கள் எச்சரித்துவிட்டு, இடத்தைக் காட்டச் சொல்லி ரோமமும் தடமும் எடுத்துப் போனார்கள். மாவட்டப் பத்திரிகையில் அவன் பெயரோடு படம் வந்தது. லாடம் அடிக்கப் போகிற இடத்திலெல்லாம் பீர் வாங்கிக் கொடுத்துக் கதை கேட்டார்கள். ஆசைப்பட்டதெல்லாம் வந்தது. ஹார்லன் மட்டும் வரவில்லை. பிஸ்கட் எழுந்து நடக்கிறது என்று அடேலாதான் சொன்னாள். "நீ போய்ப் பாரேன்" என்றாள். போனான். வேலிக் கதவு வரை போய்த் திரும்பி வந்தான்.

மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஹார்லனின் டிரக் வாசலில் நின்றது. புது மூக்குக்கண்ணாடி. ஒஃபேலியா காப்பி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஹார்லன் நலம் விசாரிக்கவில்லை. நாயைப் பற்றியும் பேசவில்லை.

"அந்தப் படத்தக் காட்டு," என்றான்.

செவோ காட்டினான். ஹார்லன் விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கிப் பார்த்தான்.

"இவ்வளவு கிட்டத்திலயா?"

"இருபது அடி இருக்கும்."

"சொல்லு. மொதல்லேருந்து. எதையும் விடாம சொல்லு."

செவோ சொன்னான். பாறை மூச்சு விட்டதை, அந்த ரம்பச் சத்தத்தை, அது திரும்பிப் பார்த்த பார்வையை. சொல்லச் சொல்ல ஹார்லன் மேசை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். உதடு கோணியிருந்தது. கண் செவோவின் முகத்தில் நிற்காமல் படத்துக்கும் ஜன்னலுக்குமாக ஓடியது. செவோவுக்கு அந்த முகம் புரிந்தது. எத்தனையோ காலைகளில் முகம் மழிக்கும்போது கண்ணாடியில் பார்த்த முகம்.

ஒரு காலத்தில் ஹார்லனிடம் இந்த முகத்தைப் பார்க்க செவோ எதையும் கொடுத்திருப்பான். இப்போதும் உள்ளே எங்கோ கொஞ்சம் இனித்தது. அந்த இனிப்பை நினைத்துத் தலை குனிந்தான்.

"நான் பாத்திருக்கணும்டா அத," என்றான் ஹார்லன்.

"ஆமா," என்றான் செவோ. "நீதான் பாத்திருக்கணும்."

ஹார்லன் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. எழுந்தும் போகவில்லை. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்காகக் குடித்துவிட்டு, கோப்பையை மேசையில் வைத்தான்.

"திரும்பிப் பாத்துச்சுன்னியே, அந்த எடத்தை இன்னொரு தடவ சொல்லு."