வலை நனையாத நாள்

மீமிசல் என்பது புதுக்கோட்டை மாவட்டத்தின் கடலோரத்தில் அமைந்துள்ள ஊர் ஆகும். அவ்வூரில் வாழும் அழகுமலை ஆகிய நான், முப்பத்தொரு ஆண்டுகளாக விசைப்படகில் மீன்பிடித் தொழில் செய்து வருகிறேன். சுறாவையும் திருக்கையையும் பிடித்த கை இது. ஆயினும் சென்ற சித்திரை மாதத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில் ஒரு கெண்டையைக்கூட என்னால் பிடிக்க இயலவில்லை. அந்நாளைப் பற்றி எழுதுவதில் எனக்குச் சிறிதும் வெட்கம் இல்லை.

என் ஒரே மகள் செல்வராணி. அவள் கல்லூரியில் உடன் பயின்ற கோபிநாத்தை விரும்பி மணந்தாள். மாப்பிள்ளையின் ஊர், அன்னவாசலுக்கு அருகில் நெல் விளையும் சிற்றூர். திருமணப் பந்தியில் அவர்களுடைய உறவினர் ஒருவர், "கடக்கரைப் பொண்ணு வயக்காட்டுல வந்து என்னத்தப் பண்ணும்?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. அதன் பின் இரண்டு ஆண்டுகள் நான் அவ்வூருக்குச் செல்லவில்லை, அவர்களும் அழைக்கவில்லை.

இந்நிலையில், சம்பந்தி சிவசாமி ஒரு நாள் தொலைபேசியில் பேசினார்.

"சம்பந்தி, வர்ற ஞாயித்துக்கெழம எங்க கம்மாயில மீன்பிடித் திருவிழா. கட்டாயம் வந்துருங்க. ஒங்க மக ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கு, எங்கப்பா எறங்குனா கம்மாயே காலியாயிருமுன்னு."

அது கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஆதலால் படகு கரையில் கட்டிக் கிடந்தது. நான் என் வீச்சுவலையை எடுத்து, கண்ணி கண்ணியாகப் பார்த்து, ஒரு சாக்கில் வைத்துக் கட்டினேன். என் மனைவி அருகில் வந்து நின்றாள்.

"அந்தப் புள்ள வாய விட்டுருச்சு. நீங்க வெறும் பையோட வந்து நிக்காதீங்க. பெறகு அதச் சொல்லியே அவளக் குத்திக் காட்டுவாங்க."

அவள் கூறியது உண்மையே. மீன் எனக்குப் பெரிதன்று. என் மகளின் சொல் அவள் வாழும் ஊரில் பொய்யாகிவிடக் கூடாது என்பதே என் கவலை. அறந்தாங்கியிலும் புதுக்கோட்டையிலும் பேருந்துகளின் பெயர்ப்பலகையை யாரையும் கேளாமல் நானே வாசித்து ஏறி, சனிக்கிழமை மாலையில் அவ்வூரை அடைந்தேன்.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் ஏறத்தாழ ஐந்நூறு பேர் கூடியிருந்தனர். சிவசாமி என் சாக்கைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க சம்பந்தி. எங்க கம்மாயில வலைக்கு எடமில்ல. ஊத்தாவும் கையும் மட்டுந்தான். வலையப் போட்டா நாலு வீட்டுக்குத்தான் கொழம்பு. ஊத்தான்னா ஊருக்கே கொழம்பு."

ஊத்தா என்பது மேலும் கீழும் திறந்த, குச்சிகளால் பின்னிய கூடை ஆகும். அதைத் தண்ணீருக்குள் சேற்றில் படுமாறு அழுத்தி, மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவினால், அகப்பட்ட மீன் கையில் தட்டும். அவர் ஒன்றை என்னிடம் நீட்டினார். வலைச் சாக்கைக் கரையில் ஒரு பனைமரத்தடியில் வைத்தேன்.

ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினார். ஆண்களும் பெண்களும் ஆர்ப்பரித்துக் கொண்டு கண்மாய்க்குள் இறங்கினர். நானும் இறங்கினேன்.

கடலில் மீன் நம்மைத் தேடி வராது. நாமே அதைத் தேடிச் செல்ல வேண்டும். அப்பழக்கத்தின் காரணமாக நான் ஓரிடத்தில் நில்லாமல், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தேன். நான் ஊத்தாவை அழுத்திய இடத்தில் எல்லாம் சேறே இருந்தது. என்னைச் சுற்றி நின்றவர்களோ கெண்டையும் கெளுத்தியுமாக எடுத்துக்கொண்டிருந்தனர். சம்பந்தியின் பக்கத்து வீட்டுப் பிரகதாம்பாள் இரண்டு கைகளையும் உயர்த்திக் கூவினார்.

"அண்ணே, இங்கிட்டு இன்னொரு தடவ நடந்து வாங்கண்ணே! நீங்க நடந்தா எங்களுக்குல்ல மீனு வருது!"

கண்மாயே சிரித்தது. "அவர அங்கிட்டு விட்றாதீங்க, நம்ம பக்கமே வச்சுக்கங்க" என்றது மற்றொரு குரல். சிவசாமி குனிந்து, இல்லாத மீனைத் தேடினார். மாப்பிள்ளை வேறு திசையைப் பார்த்தார். முப்பத்தொரு ஆண்டுத் தொழில் அந்தச் சேற்றில் புதைந்தது போல் இருந்தது.

அப்பொழுது செல்வராணி துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஓர் ஊத்தாவுடன் தண்ணீரில் இறங்கி வந்தாள்.

"அப்பா, அவங்க சொல்றது நெசந்தான். நீங்க நடந்தா மீனு ஓடுது. அந்த மடைப் பக்கமா போயிட்டு, அங்கருந்து என்னையப் பாத்து நடந்து வாங்க."

"நீ பிடிப்பியா?"

"நீங்க வாங்கப்பா."

பத்து வயதில் அவள் ஒரு நாள், "நானும் படகுல வாரேன்" என்று அழுதாள். பெண் பிள்ளை படகில் ஏறக் கூடாது என்று கூறி நான் அவளைக் கரையில் விட்டுச் சென்றேன். திரும்பி வரும் வரையில் அவள் அங்கேயே நின்றிருந்தாள். எங்கள் கடலில் அவளுக்கு நான் கொடுக்காத இடத்தை இந்தக் கண்மாய் கொடுத்திருந்தது. இவ்வெண்ணத்துடன் மடையை அடைந்து திரும்பினேன். கால்களை அகல வைத்து, கைகளால் தண்ணீரை அறைந்துகொண்டு, என்னால் இயன்ற அளவு சத்தத்துடன் அவளை நோக்கி நடந்தேன்.

அவள் அசையவில்லை. கண்களைத் தண்ணீரின் மேல் வைத்து நின்றாள். அவளுக்கு நான்கு அடி முன்னால் தண்ணீர் ஒரு கோடாகப் பிளந்தது. மறுகணம் அவளுடைய ஊத்தா சேற்றில் இறங்கியது. அதன் மேல் அவள் தன் உடல் முழுவதையும் சாய்த்தாள். உள்ளே ஏதோ முட்டி மோதியது. தோள் வரை கையை விட்டு, செவுளில் விரலைக் கொடுத்து, அவள் வெளியே தூக்கியது ஒரு விரால். அதன் வால் அவளுடைய முகத்தில் சேற்றை அடித்தது.

"அடி ஆத்தீ!" என்றார் பிரகதாம்பாள்.

சிவசாமி ஓடி வந்து தம் கையின் மேல் அதை வைத்து அளந்தார். விரல் நுனியில் தொடங்கி முழங்கையையும் தாண்டியது. அன்று அக்கண்மாயில் அதைவிடப் பெரிய மீன் யாருக்கும் கிடைக்கவில்லை.

சம்பந்தியம்மா சொர்ணவல்லி அந்த விராலைத் தாமே வாங்கிக்கொண்டார். கண்மாயிலிருந்து வீட்டிற்கு நேர்வழியில் சென்றால் ஐந்து நிமிடம் ஆகும். அவர் நேர்வழியில் செல்லவில்லை. மேலத்தெரு, கீழத்தெரு இரண்டையும் சுற்றினார். ஈர வேட்டியுடன் நானும் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும், "யாரு பிடிச்சது?" என்று கேட்டனர். ஒவ்வொரு வாசலிலும் அவர் நின்று விடை கூறினார்.

"எங்க வீட்டுப் பொண்ணு."

குழம்பில் மண்வாசனை இருந்தது. கடல் மீனின் சுவை அதில் இல்லை என்பதையும் கூறியே ஆக வேண்டும். ஆயினும் மூன்று முறை கேட்டு வாங்கி உண்டேன்.

மாலையில் திரும்பும் பேருந்தில் என் படகுத் தோழன் ஜஸ்டின் அழைத்தான்.

"என்ன மாமா, கம்மாயக் காலி பண்ணியாச்சா? எத்தன கிலோ?"

"நான் ஒண்ணும் பிடிக்கலடா. எம் மக பிடிச்சா."

"வெளையாடாதீங்க மாமா."

"எம் மக பிடிச்சாடா!" என்று மீண்டும் உரக்கக் கூறினேன். முன் இருக்கைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தனர். பார்க்கட்டும் என்று இருந்தேன். காலடியில் வலைச் சாக்கு ஒரு துளியும் நனையாமல் கிடந்தது. மடியில், என் மனைவிக்காகச் சொர்ணவல்லி கொடுத்தனுப்பிய குழம்புத் தூக்குவாளி இன்னும் சூடாக இருந்தது.