மூச்சுக் குழாய்

அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் குழாய் ஒழுகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த மகளின் மூச்சுக் குழாய் விஷயத்தில் மட்டும் அவரை யாரும் நம்பியதில்லை. "ஊர்க் குழாய்க்கெல்லாம் அடைப்பு எடுக்கிற மாப்பிள்ளைக்கு வீட்டுல இருக்கிற ஒரே ஒரு குழாய் பிடிபடலியே" என்று மாமனார் வேடிக்கையாகச் சொல்வார். மனைவி அதையே வேடிக்கை இல்லாமல் சொல்வாள்.

மகளுக்கு நான்கு வயது. வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. கைக்குழந்தையில் நெஞ்சுச்சளி முற்றி ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தவள். அதற்குப் பிறகு எந்தச் சளி வந்தாலும் நேராக நெஞ்சுக்குள் இறங்கிக் குடித்தனம் பண்ண ஆரம்பித்துவிடும். வாரக்கணக்கில் இருமல், இழுப்பு. தினசரி மருந்து, இழுப்பு வந்தால் அடிக்கிற மருந்து எல்லாம் மனைவியின் பொறுப்பு. அவர் கிட்டே போனாலே, "தள்ளுங்க, உங்களுக்கு அவசரப் புத்தி" என்று சொல்லிவிடுவாள்.

அன்று மனைவிக்குத் தையல் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. வாலுவைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவும் ஊரில் இல்லை. வாலுவுக்கோ முந்தின நாளிலிருந்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. கிளம்பும்போது மனைவி பையைத் திறந்து, நீல இன்ஹேலரையும் அதைச் செருகும் பிளாஸ்டிக் குடுவையையும் காட்டினாள்.

"நீல மருந்து இது. ஸ்பேசர் இது. இழுத்தா இதுக்குள்ள மாட்டி, மூஞ்சியோட ஒட்ட வச்சு ஒரு அமுக்கு. அஞ்சு மூச்சு விடட்டும். அப்புறம் இன்னொண்ணு. ஸ்பேசர் இல்லாம வாயில அடிச்சா மருந்து நாக்கோட நின்னுடும். கேக்குதா?"

"கேக்குதும்மா."

"கம்பெனில போன வாங்கி வச்சுக்குவாங்க. ஆபீஸ் நம்பருக்குப் பண்ணுங்க."

அவள் போன கொஞ்ச நேரத்தில், அவர் வழக்கமாக வேலை பார்க்கும் வக்கீல் ஒருவரிடமிருந்து போன். சமையலறைச் சுவரில் குழாய் விண்டு தண்ணீர் பீய்ச்சுகிறதாம். 'ஒரு எட்டு போய்விட்டு வந்துவிடலாம்' என்று நினைத்து, மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு கிளம்பினார்.

மாடியில் இருந்த வக்கீல் வீட்டில் அந்த வாரம்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வாசலிலேயே நெடி மூக்கைத் துளைத்தது. திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் சமையலறைத் தண்ணீர் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து மகளை அதன் ஓரமாக உட்கார வைத்துவிட்டு உள்ளே ஓடினார்.

வால்வு துருப்பிடித்து அசைய மறுத்தது. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து மல்லுக்கட்டினார். மூஞ்சியில் தண்ணீர் அடித்தாலும் ஒரு காது கூடத்திலேயே இருந்தது. லொக் லொக்கென்று இருமிக்கொண்டிருந்தாள். இருமட்டும், இருமினால் சளி இளகும்.

பிறகு இருமல் கேட்கவில்லை.

"பாப்பா?"

பதில் இல்லை. தலையைத் தொட்டியில் இடித்துக்கொண்டு எழுந்து ஓடினார். வாலு இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு இழுப்புக்கும் விலா எலும்புக்கு நடுவே சதை குழி விழுந்தது. அழக்கூட மூச்சு இல்லை. உதட்டில் நிறம் மாற ஆரம்பித்திருந்தது.

பையைக் கவிழ்த்தார். நீல மருந்து விழுந்தது. தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை, பிஸ்கட். ஸ்பேசர் இல்லை. சட்டை வைக்க இடம் போதவில்லை என்று அதை வெளியே எடுத்து அலமாரி மேல் வைத்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வைத்தது அவரேதான்.

"சார், வண்டிய எடுங்க! பிள்ளைக்கு மூச்சு முட்டுது!"

"தண்ணி ஓடுதேப்பா…" என்று ஆரம்பித்த வக்கீல் குழந்தையைப் பார்த்தார். பேச்சு நின்றது. சாவியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் கீழே ஓடினார்.

வாலு கைக்குழந்தையாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வார்டில் ஒரு நர்ஸ் எல்லாத் தாய்மார்களுக்கும் சொன்னது, மூலையில் நின்ற அவர் காதிலும் விழுந்திருந்தது. ஸ்பேசர் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அடியில் ஓட்டை போட்டு மருந்தைச் செருகு, வாய்ப்பக்கத்தைக் குழந்தை வாயில் வை. பாட்டில் தண்ணீரைத் தரையில் கொட்டினார். கருவிப் பையிலிருந்து கத்தியை எடுத்து அடியில் குத்தினார். அவசரத்தில் ஓட்டை பெரிதாகிவிட்டது. தன்னையே திட்டிக்கொண்டு, மருந்தைச் செருகி, குழாய் மூட்டுக்குச் சுற்றும் டேப்பை இடைவெளியில் இறுக்கிச் சுற்றினார்.

"வாயில வச்சுக்கோ கண்ணு. உறிஞ்சு. விடு. உறிஞ்சு."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். அவர் அவளை மடியில் இழுத்து முதுகைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "அப்பா மூச்சு விடறேன் பாரு. அதே மாதிரி விடு." ஓர் அமுக்கு. அவளுடைய மூச்சு பாட்டிலுக்குள் பனியாகப் படிந்து மறைவதைப் பார்த்தபடி எண்ணினார். இன்னோர் அமுக்கு. மாடிப்படி இறங்கும்போது, காரில், சிக்னலில், நிறுத்தவே இல்லை. வக்கீல் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பாதி வழியில் வாலு இருமினாள். பிறகு குரலெடுத்து அழுதாள். அவருக்கும் கண்ணில் நீர் முட்டியது.

அவசரப் பிரிவில் ஆக்சிஜன் வைத்தார்கள், புகைமருந்து பிடித்தார்கள். கம்பெனி ஆபீசுக்குப் போன் போய் மனைவி வந்தபோது குழந்தைக்கு உதட்டில் நிறம் திரும்பியிருந்தது.

"ஸ்பேசர் எங்க?"

"வீட்டுல. நான்தான் எடுத்து வெளிய வச்சேன்."

அவள் திரும்பி மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

டாக்டரம்மா நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீல மருந்து அப்போதைக்குத்தான். தினமும் ரெண்டு வேளை போடச் சொன்ன இன்னொரு மருந்து, அது ஒழுங்கா போகுதா?"

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் முகம் வெளுத்துவிட்டது. தினமும் அவள்தானே போடுகிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது? ஆனால் அவள் கண் தரையைவிட்டு எழவில்லை. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. இந்த மருந்து உடம்புக்குப் பழகிப்போய்விடும் என்று யாரோ பயமுறுத்தியதை அவளே ஒருமுறை சொல்லியிருந்தாள்; அதைக் கேட்டு எப்போதோ நிறுத்தியிருக்கிறாள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று இத்தனை நாள் சொன்னவள்! நெஞ்சில் சுருக்கென்று கோபம் ஏறியது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

கட்டிலில் வாலு முகமூடிக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"நிறுத்திட்டோம் டாக்டர்" என்றார். "நல்லாத்தானே இருக்கா, எதுக்குன்னு நாங்களா நிறுத்திட்டோம்."

"நல்லா இருக்கறதே அதனாலதான்! இது ஒண்ணும் பழகிப்போற மருந்து இல்ல. இனிமே நிறுத்தாதீங்க. வளர வளரக் குறையும், பொறுமையாப் பாக்கணும்."

டாக்டரம்மா போன பிறகு மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான்னு சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லி?"

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் தோளைத் தொட்டார். அவள் தட்டிவிடவில்லை.

வீடு திரும்பிய பிறகு காலை மருந்து அவருடையது, மாலை மருந்து அவளுடையது என்று ஆனது. வாலு இருவரையும் சம அளவில் கடித்தாள், உதைத்தாள். சளி அதன் பிறகும் வந்தது, ஆஸ்பத்திரிவரை போகவில்லை. பள்ளியில் சேர்த்த அன்று நீல மருந்தையும் ஸ்பேசரையும் டீச்சரிடம் கொடுத்தார்கள்.

"எப்படிப் போடணும்?" என்று டீச்சர் கேட்டார்.

மனைவி வாயைத் திறந்தாள். பிறகு ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டாள்.

"நீங்க சொல்லுங்க" என்றாள் அவரிடம்.