தட்டில் ஏறிய செருமல்

ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரியின் செருமல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் தொண்டையை விட்டுக் கிளம்பி, மகள் வெளியிட்ட இசைத்தட்டுகளில் போய்க் குடியேறியது. சாதாரணச் செருமல் அல்ல. அவர் வாசலில் நின்று ஒருமுறை செருமினால் உள்ளே பேச்சு நிற்கும். கால்மேல் போட்ட கால் தரைக்கு இறங்கும். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் வீட்டை நடத்தினார். அந்தக் குடும்பத்தில் யாரும் யாரையும் அதட்டியதில்லை. அதற்குத் தேவை வந்ததில்லை.

மகள் பின்னறையில், ஆட்ட அரங்குகளில் ஓடும் டெக்னோ இசை அமைத்து, தட்டுகளாக அடித்துப் பல ஊர்க் கடைகளுக்கு அனுப்பிவந்தாள். தட்டின் நடுவில் வெறும் வெள்ளைத்தாள், பெயர் கிடையாது. அவளுடைய வட்டாரத்தில் அதுதான் கௌரவம். அதைப் பார்த்த அப்பாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அப்பன் பேர் தெரியாத பிள்ளையா இது?”

“பேரப் போட்டா ஆளத்தாம்ப்பா பாப்பாங்க. பாட்டக் கேக்க மாட்டாங்க.”

“ஒளிஞ்சு வாழ நாம என்ன திருடிட்டா வந்தோம்?”

அவள் குளிக்கப் போன நேரத்தில் பெட்டிகளைத் திறந்து, குடும்பப் பெயர் பொறித்த ரப்பர் முத்திரையை ஒவ்வொரு தட்டிலும் கோணாமல் குத்தி மூடிவைத்தார். அன்றே பெட்டிகள் போய்விட்டன. மறுநாள் காலை செருமினார், காற்றுதான் வந்தது. மனைவி தன் தங்கையோடு தொலைபேசியில் சிரித்துக்கொண்டே இருந்தாள். மருத்துவர் விளக்கடித்துப் பார்த்து, “தொண்டை சுத்தமா இருக்கு சார். செருமல்தான் உள்ள இல்ல” என்றார், பல் விழுந்ததைச் சொல்வதுபோல. வீட்டில் மிஞ்சிய ஒரு தட்டை மகள் ஓடவிட்டாள். இரண்டு மத்தள அடிகளுக்கு நடுவே, கணீரென்று, அவருடைய செருமல்.

“ஐயோ, நான் வைக்கலப்பா இத!” அவள் முகம் வெளுத்துவிட்டது. முத்திரையைச் சுரண்டிப் பார்த்தார்கள். செருமல் அசையவில்லை. அந்தத் தட்டு சுழலும் ஊரிலெல்லாம் ஆடுகிறவர்கள் சட்டென நின்று சட்டையைச் சரிசெய்துகொள்வதாகவும், சிகரெட்டை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பதாகவும், மத்தளம் திரும்பியதும் பேய்பிடித்தாற்போல் ஆடுவதாகவும் செய்தி வந்தது. இங்கே மூத்த மருமகன் அவர் எதிரிலேயே கால்மேல் கால் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படித்தார்.

பொறுக்கவில்லை அவருக்கு. ஞாயிறு பிற்பகல், ஆடுகிறவர்களுக்கு மகள் தட்டு ஓட்டும் கட்டட நிலவறைக்குப் படியிறங்கி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேசைக்குப் போனார்.

“என்னோடத எனக்குக் குடு. நிறுத்து அத.”

அவள் ஒரு காதில் ஹெட்போனை வைத்து அடுத்த தட்டைக் கேட்டபடி, அதன் விளிம்பை விரல் நுனியால் இழுத்துப் பிடித்து, ஓடும் தட்டின் வேகத்துக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். “கொஞ்சம் பொறுங்கப்பா! இப்ப கைய எடுத்தா ரெண்டு தாளமும் முட்டிக்கும்.”

இரண்டு தாளமும் ஒன்றாயின. அப்போது வந்தது செருமல், சுவரளவு ஒலிபெருக்கிப் பெட்டிகளிலிருந்து. கூட்டம் மொத்தமும் விறைத்து நின்றது. அவர் கைகளும் தாமாக முதுகுக்குப் பின்னால் போயின. சட்டைப் பொத்தானைப் பூட்டினோமா என்று குனிந்து பார்த்துக்கொண்டார். அது அவருடையதே அல்ல. சிறுவயதில் அவரை இப்படி நிற்கவைத்த தகப்பனாரின் செருமல். இத்தனை வருடமும் அவர் தொண்டையில் ஒண்டியிருந்துவிட்டு, முத்திரையில் குடும்பப் பெயரைக் கண்டதும் வெளியே வந்திருக்கிறது.

அதன்பின் அவர் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. வீட்டில் சத்தம் எல்லை மீறினால் மனைவி அந்தத் தட்டைப் போடுவாள். பேச்சு நிற்கும், மருமகனின் கால் தரைக்கு இறங்கும், அவரும் நிமிர்ந்து உட்காருவார்.