முன் சக்கர பிரேக்

ஒரு மனிதனின் நாகரிகத்தை அவனுடைய காரின் முன் சக்கர பிரேக்கே நிர்ணயிக்கிறது என்பது துறைமுகக் குமாஸ்தா பெஞ்சமினின் சித்தாந்தம். அவருடைய பழைய காருக்குப் பின் பிரேக் மட்டும்தான். ஒருமுறை அது நிற்காமல் மீன் கூடைகளுக்குள் புகுந்ததிலிருந்து மனைவி சவுந்தரம் அதில் ஏறுவதில்லை.

நொறுங்கிய கார் ஒன்றின் முன் அச்சை பிரேக்கோடு மலிவாக வாங்கி, வாசலிலேயே பொருத்தினார். தேய்ந்த பிரேக் கட்டைகளில் பழைய இயந்திர பெல்ட்டை வெட்டி ஒட்டினார். பிடிப்பு கூடட்டுமென்று இரண்டு மடிப்பாக.

"வாசல் சாக்கடைக்கு முன்னாடி கார் நிக்கட்டும், ஏறுறேன். உள்ள போச்சுன்னா நீங்களே தள்ளிக்குங்க லா!" என்று மலாய் இழுவையில் சொன்னாள் சவுந்தரம்.

ஞாயிறு காலை கார் சாக்கடைக்கு ஒரு முழம் முன்னால் கச்சிதமாக நின்றது. பட்டுச்சேலை சரசரக்க அவள் ஏறி உட்கார்ந்தாள்.

"கெட்டிக்காரர்தாங்க நீங்க."

பெஞ்சமின் பெருமையோடு பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். இரண்டு மடிப்பு பெல்ட் சக்கரத்தைக் கவ்வியது கவ்வியபடி; பிரேக் விடவில்லை. இருவரும் ரிக்‌ஷாவில் தேவாலயப் பூசைக்குப் போனார்கள்.