காவலை அணைத்துவிட்டுக் கடை திறந்தவள்

சிதம்பரம் மேலவீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது தனம் டிடிபி சென்டர். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தனம் வாசலில் தண்ணீர் தெளிப்பாள். உள்ளே வந்து மூன்று கம்ப்யூட்டருக்கும் ஊதுபத்தி காட்டுவாள். அப்புறம் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து, வைரஸ் வந்தால் தடுப்பதற்கென்றே உள்ளே இருக்கும் காவல் நிரலை அணைத்துவைப்பாள். அணைக்காவிட்டால், அவள் தம்பி போட்டுக்கொடுத்த திருட்டு விண்டோஸின் 'கிராக்' என்ற கள்ளச்சாவியை அந்தக் காவல் பிடித்து வெளியே தள்ளிவிடும். அதனால் காவலை அணைத்த பிறகுதான் அங்கே வேலை ஆரம்பமாகும்.

இது விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் அல்ல என்று திரையின் கீழ்மூலையில் மங்கலாக ஓர் அறிவிப்பு சதா தெரியும். அந்த இடத்தில் தனம் பிள்ளையார் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். மூன்று மானிட்டருக்கு மூன்று பிள்ளையார். வருகிறவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.

அவளைத் திருடி என்று யாரும் சொல்லிவிட முடியாது. எவராவது குடையை மறந்துவிட்டுப் போனால் பஸ் ஸ்டாண்டு வரை ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வருகிற பெண்மணி. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கிற பொருளைத் திருடினால் அது திருட்டுக் கணக்கில் சேராது என்று ஊரே முடிவுகட்டியிருந்தது. அவளும் ஊரோடு ஒத்துப்போனாள்.

இன்னொரு வழக்கமும் அவளிடம் இருந்தது. தட்டச்சு செய்த கோப்பை வேலை முடியும் வரை யார் கையிலும் கொடுக்கமாட்டாள். கொடுத்தால் திருத்தம் போட வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயம். தேவனாம்பட்டினத்து தீபிகா எத்தனையோ தடவை கேட்டுப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, என் ஆய்வேட்ட ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்கக்கா. கைல ஒன்னு இருந்தா தைரியமா இருக்கும்."

"எதுக்கும்மா? இங்க என்ன ஓடியா போவப்போவுது? நம்ம சிஸ்டத்துல பத்திரமா இருக்குது" என்று சிரித்து மழுப்பிவிடுவாள் தனம்.

தீபிகா மீனவர் வீட்டுப் பெண். கடலூர்க் கரையோர மக்கள் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் வைத்திருக்கிற பெயர்களை ஊர் ஊராகக் கேட்டுத் தொகுத்து முனைவர் பட்டத்துக்கு எழுதியிருந்தாள். ஏற்கெனவே இரண்டு முறை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. இனி நீட்டிப்பு கிடையாது. வருகிற வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்காவிட்டால் பதிவே ரத்து.

அந்த வாரத் திங்கட்கிழமை காலையில், தனம் வழக்கம்போலக் காவலை அணைத்துவிட்டு தீபிகாவின் கடைசி இயலைத் திறக்கப்போனாள். கோப்பின் பெயர் இருந்தது. பெயருக்குப் பின்னால் வாயில் நுழையாத வால் ஒன்று முளைத்திருந்தது. சொடுக்கினாள், திறக்கவில்லை. மறுபடி சொடுக்கினாள். திரை கறுத்து, சிவப்பு எழுத்தில் ஆங்கிலம் வந்து நின்றது. உன் கோப்புகள் அனைத்தையும் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமானால் இன்ன இடத்துக்குப் பணம் அனுப்பு என்று இருந்தது.

"ஏங்க, இங்க வாங்களேன்!"

ஜெராக்ஸ் மெஷினில் தாள் வைத்துக்கொண்டிருந்த அவள் கணவர் சபாபதி ஓடிவந்தார். மற்ற இரண்டையும் திறந்து பார்த்தார்கள். மூன்றும் ஒன்றோடொன்று வயரில் பிணைந்தவை. மூன்றிலும் அதே சிவப்பு எழுத்து. முந்தின நாள் யாரோ ஒருவருக்காக மின்னஞ்சலில் வந்த இணைப்பைத் திறந்து பிரிண்ட் எடுத்தது தனத்துக்கு நினைவு வந்தது. தடுக்க வேண்டிய காவலை அவளே தூங்கவைத்திருந்தாள்.

கடலூர் முதுநகரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தம்பி சிலம்பரசனுக்கு போன் போட்டாள். "எதையும் தொடாதக்கா, எல்லாத்தையும் ஆஃப் பண்ணு, வரேன்" என்றான். அவன் வருவதற்குள் தீபிகா வந்துவிட்டாள்.

தனம் என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். கரண்ட் இல்லை என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் உண்மையைச் சொன்னாள்.

தீபிகா கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாமேவாக்கா?"

"மொத நாலு இயலு ஒங்க சாருக்கு மெயில்ல அனுப்பனோம்ல, அது இருக்கும்மா. கடைசி ரெண்டுதான்..."

"அந்த ரெண்டுலதான்க்கா எல்லாமே இருக்குது. காத்து பேரு, நீரோட்டம் பேரு, எல்லாம் அதுலதான். பழைய புரூஃப் வீட்ல கெடக்குது. ஆனா அதுக்கப்புறம் ஒங்க பக்கத்துல ஒக்காந்து எவ்ளோ மாத்தனோம்! அதுலாம் எங்கயும் எழுதி வெக்கலையே." அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "நான் கேட்டப்பல்லாம் குடுத்திருந்தீங்கன்னா என் கைல இருந்திருக்கும்."

அந்தப் பெண் பெற்றெடுத்த பிள்ளையைப் போன்ற ஒன்றைத் தான் பூட்டி வைத்திருந்தோம், அந்தப் பூட்டின்மேல் எவனோ ஒருவன் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டான் என்று தனத்துக்கு உறைத்தது. வெட்கத்தில் முகம் காந்தியது.

மதியம் சிலம்பரசன் பையோடு வந்து இறங்கினான். பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "இத தொறக்க முடியாதுக்கா. பணம் அனுப்பனாலும் சாவி குடுப்பான்னு நிச்சயம் கெடையாது. பழைய ஹார்டு டிஸ்க்க கழட்டி எடுத்து வெச்சுருவோம், எதுனா வழி பொறந்தா பாக்கலாம். இப்ப புதுசு மாட்டி விண்டோஸ் போட்டுத் தரேன். சாயங்காலத்துக்குள்ள டைப் அடிக்க ஆரம்பிச்சிரலாம்."

அவன் கை பரபரவென்று வேலை செய்தது. தீபிகா புரூஃப் தாள்களை எடுத்துவர ஊருக்குப் பஸ் ஏறினாள். ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஏறி முடிந்தது. சிலம்பரசன் பழக்கதோஷத்தில் சொன்னான்:

"அக்கா, அந்த காவல கொஞ்சம் ஆஃப் பண்ணு. கிராக் போடணும்."

தனத்தின் விரல் மவுசின் மேல் போய், அப்படியே நின்றுவிட்டது. தினமும் செய்த காரியம்தான். அன்றைக்கு மட்டும் அது வேறாகத் தெரிந்தது.

"ஏண்டா, உள்ள வர்றது நல்லதுன்னா காவல ஏன் அணைக்கணும்?"

"அக்கா, இதுலாம் கேக்கற நேரமா? ஊரே இதத்தான் போடுது."

"ஊர் போடட்டும். அந்த பொண்ணு வெள்ளிக்கெழம ஆய்வேட்ட குடுக்கணும். நடுவுல வியாழக்கெழம இதே செவப்பெழுத்து வந்து நின்னுதுன்னா நான் அதுக்கு என்னா பதில் சொல்வேன்? வேற வழி இருந்தா சொல்லு. இல்லன்னா கடன் வாங்கியாவது அசலு வாங்கறேன்."

சிலம்பரசன் தலையைச் சொறிந்தான். சொல்லத் தயங்குகிறான் என்பது தெரிந்தது.

"லினக்ஸ்னு ஒன்னு இருக்குதுக்கா. வெலையும் கெடையாது, கள்ளச்சாவியும் கெடையாது. யாரு வேணா எடுத்துப் போட்டுக்கலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். அத எப்புடி செஞ்சிருக்காங்கன்னு தொறந்தே வெச்சிருக்காங்க."

"இத்தன வருஷமா ஏண்டா சொல்லல?"

"அத போட்டா ஒருத்தனும் என்ன திரும்பக் கூப்புட மாட்டான்க்கா. இதுன்னா மாசாமாசம் எதுனா ஒன்னு புட்டுக்கும்."

"அடப்பாவி மச்சான்! சொந்த அக்காவுக்கேவா?" என்றார் சபாபதி. சிலம்பரசன் அசட்டுச் சிரிப்பு சிரித்தான். தனம் சிரிக்கவில்லை.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போடுவதற்காக அவன் ஒரே பென்டிரைவில் மூன்று வகை லினக்ஸ் வைத்திருந்தான். கம்ப்யூட்டரில் ஏற்றாமலே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்றான். முதல் வகை பார்க்கப் பளிச்சென்று இருந்தது. ஆனால் எல்லாப் பொத்தானும் இடது ஓரத்தில் வரிசைகட்டி நின்றது. தனம் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த பிள்ளை மாதிரி விழித்தாள். "இதுல நான் எங்கேருந்து ஆரம்பிக்கறது?" என்றாள். இரண்டாவது, அந்தப் பழைய கம்ப்யூட்டரில் பறந்தது. ஆனால் பிரிண்டர் அசையவே இல்லை. ஆய்வேட்டைப் பிரிண்ட் எடுக்க முடியாத வேகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மணி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது லினக்ஸ் மிண்ட். மெனு அவள் தேடிய கீழ்மூலையிலேயே இருந்தது. பிரிண்டரைச் சொருகியதும் தானாகவே அடையாளம் கண்டுகொண்டது. எழுதுவதற்கு லிப்ரே ஆபீஸ் உள்ளேயே இருந்தது. அப்பாடா என்று தனம் தமிழில் தட்டினாள். வந்த எழுத்து ஒன்று, அவள் நினைத்தது வேறு.

"போச்சுடா. இது எழுத்துகள வேற எடத்துல வெச்சிருக்கு. நான் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்ல படிச்ச கை. இப்ப போயி புதுசா பழகி, வெள்ளிக்கெழமக்குள்ள ரெண்டு இயலு எப்புடி அடிப்பேன்?" வாசலில் தாள்கட்டோடு வந்து நின்ற தீபிகா இதைக் கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க தனத்துக்குத் தைரியம் வரவில்லை.

சிலம்பரசன் வியர்க்க வியர்க்க எதை எதையோ திறந்து தேடினான். விசைப்பலகை அமைப்புகள் நீளமாக வந்தன. தமிழுக்கே பல இருந்தன. அவற்றில் பழைய தட்டச்சு முறையும் இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "இப்ப அடிக்கா" என்றான்.

தனம் கண்ணை மூடிக்கொண்டு, இன்ஸ்டிட்யூட்டில் படித்த முதல் பாடத்தை அடித்தாள். கண்ணைத் திறந்தாள். 'யளனகபக' என்று திரையில் குண்டுகுண்டாக வந்திருந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. எந்த லினக்ஸ் என்ற கேள்வி அத்தோடு தீர்ந்தது. பார்க்க எது அழகு, எது பெரிய பெயர் என்பதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வேலை செய்கிறவளின் விரலுக்குத் தெரிந்த இடத்தில் எழுத்து இருந்தது, அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

அன்று மாலைக்குள் அதையே மூன்றிலும் ஏற்றினார்கள். மறுநாளிலிருந்து தீபிகா பக்கத்தில் உட்கார்ந்து, திருத்தியதையெல்லாம் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, தனம் அடித்தாள். சொல்லும்போதே தீபிகாவுக்குச் சில இடங்களில் மறந்துபோனது. உடனே ஊருக்கு போன் போட்டு அப்பாவைக் கேட்பாள். கச்சான் காற்று அடித்தால் தண்ணீர் எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர் கரையில் நின்றபடியே கத்திச் சொல்வார். மெயிலில் இருந்த நான்கு இயல்களை சிலம்பரசன் பழைய எழுத்துருவிலிருந்து, எந்தக் கம்ப்யூட்டரிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்றினான். அங்கங்கே எழுத்து நொண்டியது. சபாபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகச் சரிபார்த்தார். வேறு வேலைக்கு வந்தவர்களையெல்லாம் அடுத்த வாரம் வரச்சொல்லி அனுப்பினார்கள். ஒவ்வொரு தடவை திரை கண் சிமிட்டும்போதும் தனம் விரலை எடுத்துவிட்டுப் பார்த்தாள். சிவப்பு எழுத்து வரவில்லை.

வியாழக்கிழமை மாலை கடைசி வரி முடிந்தது. பிரிண்ட் கொடுப்பதற்கு முன்னால் தனம் ஒரு புது பென்டிரைவில் ஆய்வேடு முழுவதையும் போட்டு தீபிகாவிடம் நீட்டினாள்.

தீபிகா வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. "ஒரு நிமிஷம்க்கா" என்று சொல்லிவிட்டு நேரே எதிர்க்கடைக்குப் போனாள். அங்கிருந்த கம்ப்யூட்டரில் சொருகி, ஒவ்வொரு இயலாகத் திறந்து பார்த்தாள். சபாபதிக்குச் சுருக்கென்றது. "நம்மள நம்பல பாரு" என்று முணுமுணுத்தார்.

"நம்பக்கூடாதுங்க. பாக்கட்டும்" என்றாள் தனம்.

தீபிகா திரும்பி வந்தாள். முகம் முதல்முறையாகத் தெளிந்திருந்தது. "எல்லாம் தொறக்குதுக்கா" என்றாள்.

மறுநாள் மதியம் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, பைண்டிங் செய்த பிரதி ஒன்றோடு கடைக்கு வந்தாள். அப்போது முதுநகர் கிளம்பத் தயாராக நின்ற சிலம்பரசனுக்கு போன் வந்தது. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டர்காரர். சிஸ்டம் படுத்துவிட்டது, வந்து பழையபடி விண்டோஸ் போட்டுக்கொடு என்றார். சிலம்பரசன் அக்காவைப் பார்த்தான். தனம் அவன் கையிலிருந்த போனை வாங்கினாள்.

"அண்ணே, தனம் பேசறேன். அவன் வருவான், ஆனா கள்ளச்சாவி போடமாட்டான். ஓசில கெடைக்குதேன்னு நானும் இத்தன வருஷம் அதத்தான் வெச்சிருந்தேன். திருட்ட உள்ள விடணும்னா காவல அணைக்கணும்ணே. அணைச்ச காவலு திருடனுக்கும் தொறந்தேதான் கெடக்கும். அதுல மாட்டினது என் பொருளு இல்ல, என்ன நம்பி குடுத்த ஒரு பொண்ணோட படிப்பு. லினக்ஸ்னு ஒன்ன நேர்மையா இலவசமா குடுக்கறவன் இருக்கும்போது நாம ஏன் திருடணும்? ரெண்டு நாளு பழகணும், அவ்ளோதான். போட்டுக்கறீங்களா, சொல்லுங்க."

"சரிம்மா, அதயே போடச் சொல்லு" என்றார் அவர்.