வயிறா, கையா

டாக்டரம்மா அருள்மேரியின் அடிவயிற்றுத் தோலை இரண்டு கைகளாலும் அள்ளித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற நர்ஸிடம், "இங்க பிடிங்க" என்றார். நர்ஸ் பிடித்துக்கொண்டாள். ஈரம் காயாத போர்வையை இரண்டு பேர் சேர்ந்து மடிப்பதைப் போல இருந்தது. டாக்டரம்மா ஊதா நிறப் பேனா ஒன்றை எடுத்து, இடுப்பெலும்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு போட்டார். தொப்புளுக்கு மேலே இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் போய்விடும் என்றார். பேனா ஜில்லென்று இருந்திருக்க வேண்டும். அருள்மேரிக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்து கையைப் பக்கவாட்டில் நீட்டச் சொன்னார். அக்குளிலிருந்து முழங்கை வரை தொங்கிய தோலை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு அங்கேயும் ஒரு கோடு போட்டார். அருள்மேரி சிலுவையில் நிற்பவளைப் போலக் கையை நீட்டியபடி நின்றாள். இறக்கிக்கொள்ளலாம் என்று யாரோ சொன்ன பிறகுதான் இறக்கினாள்.

திரைக்கு இந்தப் பக்கம் அவள் கணவன் இராயப்பன் ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்திருந்தான். புடவையைச் சுற்றிக்கொண்டு அவள் வந்து நின்றதும் டாக்டரம்மா இருவருக்கும் சேர்த்துச் சொன்னார். சென்னையிலிருந்து வந்திருக்கும் பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டர்கள் இந்த வாரம் மட்டும்தான் இருப்பார்கள். நிறைய பேர் காத்திருப்பதால் ஆளுக்கு ஒரு ஆபரேஷன்தான். ஒன்று வயிறு, இல்லாவிட்டால் கை.

"வயித்து மடிப்புலதான் புண்ணு அதிகமா இருக்குது. அத எடுத்தா நல்லது. ஆனா ஒண்ணு, இனிமே குழந்தை பெத்துக்கிற எண்ணம் இருந்தா வயித்துல இப்ப கை வைக்க வேணாம்னு நாங்க சொல்லுவோம். அப்படின்னா கை பண்ணிக்கலாம். வயித்தப் பெறகு பாத்துக்கலாம். வெளிய ஒக்காந்து ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பேசவில்லை.

அருள்மேரி ஒரு காலத்தில் ஊரிலேயே பெரிய ஆள். பதவியில் அல்ல, எடையில். ரேஷன் கடைத் தராசில் வேடிக்கைக்கு ஏறி நின்று, முள் நூறைத் தாண்டியபோது, கூட நின்றவர்களைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள். இராயப்பனோ கொடிக்கம்பம் மாதிரி இருப்பான். இருவரும் சேர்ந்து மாதா கோயிலுக்குப் போனால், ஒன்றும் சைபருமாகப் "பத்து போகுது பாரு" என்று குப்பத்து இளவட்டங்கள் கிண்டல் செய்யும். அதற்கும் அவள்தான் முதலில் சிரிப்பாள். சுறாப்புட்டு செய்தால் தெருவுக்கே மணக்கும், பாதி தெரு வந்து தின்னவும் செய்யும். தின்றுவிட்டு, "கொஞ்சம் எளைச்சா நல்லா இருப்பக்கா" என்று புத்திமதியும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், இராயப்பன் மரக்காணத்துக்குப் போயிருந்தான். தண்ணீர் வருகிறது என்று கூச்சல் கேட்டதும் பிள்ளைகள் இரண்டும் ஓடின. டோமினிக் பெரியவன், மேரிசெல்வி சின்னவள். சவுக்குத் தோப்பு மேட்டு வரைக்கும் ஓடிவிட்டார்கள். அங்கேயே நின்றிருந்தால் இன்றைக்கு இருந்திருப்பார்கள். திரும்பிப் பார்த்தார்கள். அம்மா மூச்சிரைக்க, நடக்கிறாளா ஓடுகிறாளா என்று தெரியாமல் பின்னால் வந்துகொண்டிருந்தாள். இரண்டு பேரும் திரும்பி ஓடிவந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். என்னை விட்டுவிட்டு ஓடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை. அவளைத் தண்ணீர் ஒரு சவுக்கு மரத்தில் கொண்டுபோய்ச் செருகியது. பிள்ளைகளை எடுத்துக்கொண்டது.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. விரதமுமில்லை, வேண்டுதலுமில்லை. தட்டில் போட்டது தட்டிலேயே இருந்தது, அவ்வளவுதான். சர்க்கரை, காசநோய், தைராய்டு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அரசு ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். ஒன்றரை வருஷத்தில் ஆள் பாதியாகிப் போனாள். உப்பாகக் கரைந்தாள் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் உப்பு கரைந்தால் மிச்சம் ஒன்றும் இருக்காது. இவளுக்குத் தோல் மிஞ்சியது. வயிற்றுத் தோல் தொடை வரை மடிந்து தொங்கியது. முகம் குச்சி, கை கால் குச்சி, புடவைக் கொசுவத்துக்குப் பின்னால் மட்டும் ஒரு பெரிய மூட்டை. இளைத்தால் நன்றாக இருப்பாய் என்ற அதே வாய்கள் இப்போது, "முகத்துல களையே போச்சே" என்று உச்சுக் கொட்டின. ஊர் வாய்க்கு எந்த அளவுச் சட்டையும் பொருந்தாது.

கடலைத் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று இராயப்பன் உப்பளத்தில் லாரிக்கு லோடு ஏற்றப் போனான். அவளும் உப்புக் கொட்டகையில் பாக்கெட் போடும் வேலைக்குப் போனாள். அங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அதுதான் அவளுக்குப் பிடித்தது. கையும் பையும் மட்டும்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் பொடி உப்பு காற்றில் பறந்து வந்து, வியர்வையோடு சேர்ந்து வயிற்று மடிப்புக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. தோல் வெந்து, வெடித்து, நீர் வடிந்தது. பழைய வேட்டியைக் கிழித்து மடிப்புக்குள் சொருகிக்கொண்டு வேலை பார்த்தாள். சாயங்காலம் துணியை உருவினால் தோலும் கூடவே வரும். பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள்தான் "ஐயோ" என்பார்கள். அவள் துணியை அலசிக் கொடியில் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைப்பாள். கடைசியில் மடத்து சிஸ்டர் ஒருத்தி அதைப் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லி, இந்த ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்தாள்.

இதே வயிற்றில் ஏற்கெனவே இரண்டு ஆபரேஷன் ஆகியிருந்தது. மேரிசெல்வி பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு. சுனாமிக்குப் பிறகு, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அதைத் திரும்பச் சேர்த்துவிடும் ஆபரேஷனை அரசாங்கமே செய்து கொடுத்தபோது, இராயப்பன் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தான். கையெழுத்துக் கேட்டார்கள், போட்டாள். படுக்கச் சொன்னார்கள், படுத்தாள்.

அந்த வருஷம் புதுக் குடியிருப்பில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மசக்கை. எந்த வீட்டிலும் மாங்காய் உப்போடு தயாராக இருந்தது. ஒவ்வொன்றாகப் பிறந்தன. பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் தண்ணீரில் போன பிள்ளைகளின் பெயரையே வைத்தார்கள். இப்படித்தான் வைக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. முதல் வீட்டில் வைத்தார்கள், அடுத்த வீட்டிலும் வைத்தார்கள், பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. தெருவில் பழைய பெயர்கள் மறுபடியும் கேட்கத் தொடங்கின. ஞானஸ்நானத்துக்குப் போய்விட்டு வந்த ஒரு நாள், இராயப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "நமக்கும் பையன்னா டோமினிக்னே வெச்சிடலாம், பொண்ணுன்னா மேரிசெல்வி" என்றான். சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வந்த வெளிச்சம். அருள்மேரி உலையில் அரிசியைப் போட்டுக்கொண்டிருந்தாள். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்ததை அவன் சரி என்று எடுத்துக்கொண்டான். பாவம், அவனும் எதையாவது பிடித்துக்கொண்டுதானே நிற்க வேண்டும்.

நர்ஸ் வந்து கூப்பிட்டாள். உள்ளே போனார்கள்.

"இன்னா முடிவு பண்ணீங்க?" டாக்டரம்மா கேட்டார்.

"கையே பண்ணிடுங்க மேடம்" என்றான் இராயப்பன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பது போலச் சொன்னான். "புண்ணுக்கு மருந்து போட்டுக்கலாம். நான் பாத்துக்கறேன்."

டாக்டரம்மா அவனைப் பார்க்கவில்லை. "அவங்க சொல்லட்டும்."

மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அருள்மேரி மேஜை மேலிருந்த கண்ணாடிப் பலகைக்கு அடியில் வைத்திருந்த ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையில்லாத ஒரு பெண்ணின் உடம்பு, அதன் மேல் அம்புக்குறிகள். அவளுக்கு அழுகை வரவில்லை, பயம் வரவில்லை, அவன் மேல் கோபமும் வரவில்லை. வாய் மட்டும் திறந்தது.

"வயிறு."

"நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா."

"வயிறுதாங்க."

இராயப்பன் அவள் பக்கம் திரும்பினான். "மேரி" என்றான். டாக்டரம்மா வியாழக்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வரச் சொன்னார். கோடு அழிந்தாலும் பரவாயில்லை, மறுபடியும் போட்டுக்கொள்ளலாம் என்றார்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் இராயப்பன் இரண்டு டீ வாங்கினான். ஒன்றை அவளிடம் கொடுத்தான். தன்னுடையதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான், ஆடை படிந்துவிட்டது.

"ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல."

"இப்பதான் எனக்கே தெரிஞ்சுது."

"கடவுளா பாத்து மறுபடியும் குடுத்தா, வேணாம்னு சொல்லலாமா?"

அருள்மேரி டீயை ஒரு வாய் குடித்தாள். "அந்தப் பேர சொல்லி இன்னொரு தபா என்னால கூப்புட முடியாதுங்க. டோமினிக்குன்னு நான் கூப்புட்டா அவன்தான் வரணும். வேற ஒண்ணு ஓடி வந்து நின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

"பேரு வேற வெச்சிக்கலாம்."

வேறு பெயர் வைத்தாலும், அம்மாவுக்காக ஒரு நாள் திரும்பி ஓடி வராத பிள்ளையாக அது இருக்குமா என்று அவளால் கேட்க முடியவில்லை. இராயப்பன் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, கிளாஸை வைத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் நடக்க ஆரம்பித்தான். எப்போதும் வேகமாக நடப்பவன், அவள் வருகிறாளா என்று பார்த்துப் பார்த்து மெதுவாகவே நடந்தான்.

மரக்காணம் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அருள்மேரி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இராயப்பன் அவளுக்குப் பின்னால் நெரிசலைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றான். காலாப்பட்டு தாண்டும்போது, ஜன்னலோரத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் அருள்மேரியின் வயிற்றைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். மறுபடி வயிற்றைப் பார்த்தாள். உடனே பக்கத்தில் இருந்த ஆளின் தொடையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"எழுந்திரிங்கண்ணே. மாசமா இருக்கறவங்க நிக்கறாங்க, பாத்துக்கினே ஒக்காந்திருக்கீங்களே."

அந்த ஆள் எழுந்துகொண்டான். எல்லோரும் வழிவிட்டார்கள். அருள்மேரி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அதற்குள் அந்தப் பெண் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டாள்.

"எந்தக் குப்பம்கா?"

சொன்னாள்.

"சுனாமிக்கு அப்பறமா?"

அருள்மேரி தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று யோசிக்கவில்லை.

"எனக்கும்தான்" என்றாள் அந்தப் பெண், மடியைக் காட்டி. "ஆபரேஷன அவுத்துவுட்டதும் நின்னுட்டா. பிரியதர்ஷினி. தண்ணில போன அவ அக்கா பேருதான். அவளே வந்துட்டான்னு எங்க வூட்டுக்காரரு கீழயே வுட மாட்டன்றாரு." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "எத்தினி மாசம்?" என்றாள்.

அருள்மேரி குழந்தையைப் பார்த்தாள். நிமிர்ந்து பார்த்தாள். இராயப்பன் மேல் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு" என்றான்.

அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னானா, ஒரே ஒரு தடவையாவது வாயால் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னானா, அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் சந்தோஷமாகச் சிரித்தாள். கண்டக்டர் வருவதைப் பார்த்து, சுருக்குப்பையைத் தேட வேண்டியிருந்ததால், "சித்த பிடிக்கா" என்று குழந்தையைத் தூக்கி அருள்மேரியின் மடியில் வைத்தாள்.

குழந்தை மடியில் நிற்கவில்லை. வயிற்று மடிப்பின் மேல் சாய்ந்து, மெத்தென்ற இடம் கண்டதும் அப்படியே அழுந்தி அடங்கிவிட்டது. புடவைக்குள் ஊதாக் கோட்டின் மேலேதான் அதன் தலை இருந்திருக்கும். குழந்தையின் கனம் மட்டும் அவளுக்குத் தெரிந்தது. வேறொன்றும் தெரியவில்லை. கீழ்புத்துப்பட்டு போயிற்று. பக்கத்துப் பெண் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள், பிள்ளையை நல்ல இடத்தில் விட்ட நிம்மதியில். கழுவெளி ஏரியில் தண்ணீர் மினுங்கியது. அதன் பிறகு உப்பளப் பாத்திகள் வந்தன, ஓலை போர்த்திய உப்புக் குவியல்கள் வந்தன.

"எறங்கணும், மேரி" என்றான் இராயப்பன்.

பஸ் நின்றது. அவன் நெரிசலைப் பிளந்துகொண்டு இறங்கிப் போனான். அருள்மேரி குழந்தையைத் தூக்கி அம்மாவிடம் கொடுக்கப் பார்த்தாள். குழந்தை தூக்கத்தில் அவள் மேல்கைத் தோலை இறுக்கிப் பிடித்திருந்தது. கொத்தாக, ஐந்து விரலாலும். அவள் சுண்டுவிரலை மெதுவாகப் பிரித்தாள். அடுத்த விரலைப் பிரிப்பதற்குள் சுண்டுவிரல் மறுபடியும் மூடிக்கொண்டது. இராயப்பன் கீழே ரோட்டோரத்தில் நின்று அண்ணாந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "யாரும்மா எறங்கறது, சீக்கிரம்" என்று கண்டக்டர் கத்தினார். அவள் மறுபடியும் சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்தாள்.